மல்லாட்டையும் பசியும்

ஆனி மாதக் கடைசியில் திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். வீட்டுத் திண்ணைகளிலும் வேப்பமர நிழலிலும் பெண்கள் கூடி அமர்ந்து, ஆடிப்பட்ட விதைப்புக்காக மணிலாக்காய் உடைத்துக்கொண்டிருப்பார்கள். இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும், விதைப் பருப்பு பிளவுபடாமல் வரவேண்டும் என்பதற்காகக் கையால் உடைப்பதையே விரும்புவோர் பலர்.

இவ்வாண்டு அத்தகைய ஒரு திண்ணையைக் கடந்து சென்றபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் எழுந்து வந்து, "தோத்திரம் சாமி, ஒன்று கேட்கவேண்டும்" என்றார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நல்ல உழைப்பாளி. கொஞ்ச காலமாகவே உடல் பருத்து, முழங்கால் வலியால் அவதிப்பட்டு வருபவர். சர்க்கரை நோயும் எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். "நாள் முழுக்க இதை உடைக்கிறேன் சாமி. ஒரு பருப்புகூட வாயில் போடுவதில்லை. உடம்பு இப்படி இருக்கிறதே, இதெல்லாம் எண்ணெய்தானே என்று விட்டுவிட்டேன். மல்லாட்டை தின்னலாமா, கூடாதா?"

அப்படியானால் பசித்தால் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டோம். காலையில் நான்கு இட்டலி. பதினொரு மணிக்குள் பசி வந்துவிடும், தேநீரும் பிஸ்கட்டும். நான்கு மணிக்கு மறுபடியும் அதுவே. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பசியை அடக்க முடியவில்லை சாமி. என்னிடம்தான் அடக்கம் இல்லை" என்றார்.

இந்தக் கடைசிச் சொல் நம்மைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில் தலையான பாவங்கள் ஏழையும் பற்றித் தொடர் மறையுரை ஆற்றினோம். போசனப்பிரியத்தைப் பற்றிப் பேசிய ஞாயிறன்று, கேட்போர் அயர்ந்துவிடக் கூடாதே என்று, பருத்த உடலினரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையைச் சேர்த்துச் சொன்னோம். கோயில் முழுவதும் சிரித்தது. அன்று பெண்கள் பகுதியின் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களுள் இத்தாயும் ஒருவர்.

அவருக்கு அன்று நாம் விடை எதுவும் கூறவில்லை. தெரியாத ஒன்றைப் பற்றி ஒருமுறை பேசியது போதும் என்று தோன்றியது. பிறகு சில நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்தோம். நமக்குப் பழக்கமான மருத்துவர் ஒருவரிடமும் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தோம். அவற்றை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்துகொள்வது நலம் என்பதால் ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் இப்பயிரைப் பற்றிச் சிறிது. பழைய தென்னார்க்காட்டு மக்கள் இதை வேர்க்கடலை என்று சொல்வது குறைவு. மணிலாக்கொட்டை என்பதே வழக்கு. அது தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயர் நம் ஊர்க் கொல்லைமேட்டில் இப்படி வழங்குவது விந்தையே. ஆனால் இதன் தாயகம் மணிலாவும் அன்று, தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பகுதியில் விளைந்த மணிலா, புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறிப் பிரான்சின் மார்செய்ல் நகர எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. இரகங்களை அறியாத உழவர் இங்கு இலர். தாவர நூலார் கணக்குப்படி இஃது உண்மையான கொட்டை வகையைச் சேர்ந்ததன்று, அவரை, துவரை ஆகியவற்றின் இனம். எனினும் உணவுக் கூறுகளில் வாதுமை, முந்திரி முதலியவற்றை ஒத்திருப்பதால் ஆராய்ச்சியாளர்கள் இதையும் அவற்றோடு சேர்த்தே எண்ணுகின்றனர்.

நூறு கிராம் மணிலாப் பருப்பில் ஏறத்தாழ 560 கலோரி உண்டு. அதே எடை அரிசியில் 350 அளவே. பருப்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. ஆகவே, "இதெல்லாம் எண்ணெய்தானே" என்று அத்தாய் கூறியது முழுத் தவறன்று. ஆனால் மீதிப் பாதியை அவர் மறந்துவிட்டார். எடையில் நான்கில் ஒரு பங்கு புரதம். நூறு கிராமுக்கு எட்டு கிராம் அளவில் நார். கொழுப்பிலும் பெரும்பகுதி இதயத்துக்குத் தீங்கு செய்யாத வகை.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் காலங்காலமாக மணிலாவைச் செக்கில் ஆட்டி, எண்ணெயை நாம் எடுத்துக்கொண்டு, புரதமும் நாரும் நிறைந்த பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தோம். மாடு நன்றாயிருந்தது! மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார், உண்ணத்தக்க தரத்தில் எடுத்த மணிலாப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து, ஊட்டமின்றி வாடிய மக்களுக்காகப் 'பல்நோக்கு உணவு' என ஒன்றை உருவாக்கியது இதை உணர்ந்தே. பசித்திருந்த இந்தியாவுக்கு அன்று தேவைப்பட்ட அதே பருப்பு, பருத்துவரும் இந்தியாவுக்கு என்ன செய்யும் என்று இன்று ஆராய்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. வயதுவந்தோரில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் என்கிறது அது. ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டர், பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டர். இதற்கு மேற்பட்டால் நம்மவர்க்கு அது வயிற்றுப் பருமன். தையற்கடை அளவு நாடா ஒன்று போதும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிற்க. பசி என்பது என்ன? வயிறு காலியானால் பசிக்கும், நிறைந்தால் அடங்கும் என்றே நாம் எண்ணியிருந்தோம். உண்மை இன்னும் நுட்பமானது. வெறும் வயிறு 'கிரெலின்' என்னும் சுரப்பை விட்டு மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. உணவு சிறுகுடலைச் சேர்ந்ததும், அதிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் உணர்ந்து குடல் வேறு சில சுரப்புகளை விடுகிறது. சி.சி.கே., பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 என்பன அவற்றின் பெயர்கள். இவை இரைப்பையிலிருந்து உணவு மெல்ல மெல்ல இறங்கும்படி செய்து, "போதும்" என்ற செய்தியை இரத்தத்தின் வழியாகவும் நரம்பின் வழியாகவும் மூளைக்கு அனுப்புகின்றன. பருமனைக் குறைக்கும் ஊசி என்று நாளிதழ்களில் இப்போது அடிக்கடி பேசப்படும் விலையுயர்ந்த மருந்துகள், மேற்சொன்ன ஜி.எல்.பி.-1 சுரப்பின் வேலையைப் பன்மடங்கு வலிமையோடு செய்பவையே.

பருமனுள்ளோரிடம் இச்செய்திப் போக்குவரத்து செம்மையாக நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே குறிப்பிடவேண்டும். பருமனுள்ள ஐம்பது பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். குறைந்த பிறகு அவர்களுடைய பசிச் சுரப்பு உயர்ந்தது. நிறைவுச் சுரப்புகள் தாழ்ந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி மிகுதியும் நீங்கவில்லை. இழந்த எடையை மீண்டும் பெற உடல் இவ்வாறு ஓயாமல் போராடுகிறது. நம் மறையுரைக்கு முன் இதைப் படித்திருந்தால் அந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டோம். உணவில் அளவு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பருத்த உடலைக் கண்டதும் அடக்கமின்மை என்று தீர்ப்பிடுவது நீதியன்று. ஒல்லியாயிருந்துகொண்டே போசனப்பிரியராய் இருப்போரையும் நாம் பந்திகளில் கண்டிருக்கிறோம்.

இனி மணிலாவுக்கு வருவோம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனும் நீரிழிவு வரும் அபாயமும் உள்ள பதினைந்து பெண்மணிகளுக்குக் காலை உணவோடு 42.5 கிராம் மணிலாவை ஒரு நாள் முழுப் பருப்பாகவும், ஒரு நாள் அரைத்த விழுதாகவும், ஒரு நாள் எதுவுமின்றியும் கொடுத்துச் சோதித்தார்கள். விழுது உண்ட நாளில் மேற்கூறிய மூன்று நிறைவுச் சுரப்புகளும் மிகுந்தன. உண்ணவேண்டும் என்ற ஆவல் குறைந்தது. பதினைந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அவர்கள் அனைவரும் பருமனுள்ளவர்கள் என்பதைக் கருதவேண்டும். காலை இட்டலிக்கு நம் இல்லங்களில் அரைக்கும் மல்லாட்டைச் சட்னி நினைவுக்கு வருகிறதன்றோ? அதில் தாளிக்கும் எண்ணெயைக் குறைத்தால் இன்னும் நன்று.

மென்று தின்பதிலும் பொருளுண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2009-இல் பதின்மூன்று பேருக்கு 55 கிராம் வாதுமை கொடுத்து, ஒவ்வொரு வாயையும் ஒரு நாள் பத்து முறை, ஒரு நாள் இருபத்தைந்து முறை, ஒரு நாள் நாற்பது முறை மெல்லச் சொன்னார்கள். நாற்பது முறை மென்ற நாளில் பசி நெடுநேரம் அடங்கியிருந்தது. குறைவாக மென்ற நாட்களில் கொழுப்பு கூடுதலாக மலத்தோடு வெளியேறிற்று. பல்லில் அகப்படாத உயிரணுக்களின் உறுதியான சுவருக்குள் எண்ணெய் சிறைப்பட்டுக் கிடப்பதே காரணம். குடலின் செரிமான நீர் அச்சுவரை முற்றிலும் ஊடுருவ இயலாது. முழு மணிலா, அரைத்த மணிலா, மணிலா எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 1980-இலேயே வெளியான ஆய்வொன்றும், முழுப் பருப்பு உண்டபோதுதான் கொழுப்பு அதிகம் செரிக்காமல் கழிகிறது எனக் காட்டியது.

எனவே அச்சிட்ட கலோரிக் கணக்கு முழுவதும் உடலுக்குச் சேருவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் மக்களுக்கு உணவிட்டு, கழிவையும் அளந்து, 28 கிராம் வாதுமையிலிருந்து உடல் பெறுவது 170 கலோரி அன்று, 129 மட்டுமே என 2012-இல் கண்டார்கள். பண்ணுருட்டிப் பக்கம் உறவினர் உள்ளோர் முந்திரியைப் பற்றிக் கேட்பார்கள்: அதே அளவு முந்திரியில் 163 என்பது 137 ஆகக் குறைகிறது. ஆனால் நன்றாக அரைத்த விழுதில் இச்சலுகை இல்லை. அரைத்தால் நிறைவுச் சுரப்பு மிகுதி, அரைக்காவிட்டால் கலோரி குறைவு. எதைக் கொள்வது என்று மருத்துவரைக் கேட்டோம். "இரண்டில் எது பிஸ்கட்டை நிறுத்துகிறதோ அதைக் கொள்ளுங்கள்" என்றார் சிரித்துக்கொண்டே.

மணிலா தின்றால் உடல் தானே கூடுதலாக எரிக்கும் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். 2002-இல் பர்டூவில் நடந்த ஓர் ஆய்வே இதற்கு மூலம். நாள்தோறும் ஏறக்குறைய 500 கலோரி அளவு மணிலா உண்டவர்கள், தாமறியாமலே மற்ற உணவில் அதன் மூன்றில் இரு பங்கைக் குறைத்துக்கொண்டார்கள்; எட்டு வாரத்தில் 3.6 கிலோ கூடவேண்டியது ஒரு கிலோ மட்டுமே கூடிற்று. ஓய்விலிருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலும் நூற்றுக்குப் பதினொரு பங்கு உயர்ந்தது. இதைக் கேட்டு மகிழ்வோர் இரண்டைக் கவனிக்கவேண்டும். அவர்கள் பருமனுள்ளோர் அல்லர். வேறு ஆய்வுகளில் எரியாற்றல் இவ்வாறு உயரவுமில்லை. மேலும், ஒரு கிலோ கூடியது கூடியதுதான்! ஆகவே இருக்கும் உணவோடு மணிலாவையும் சேர்த்துத் தின்றால் இளைக்கலாம் என்று எவரும் எண்ணவேண்டாம்.

நம் மக்களிடமே செய்த ஆய்வு உண்டா என்று தேடினோம். உண்டு. மேலே குறிப்பிட்ட சென்னை நிறுவனத்தார், 25 முதல் 65 வயது வரையுள்ள, அதிக எடையோ பருமனோ கொண்ட நானூறு பேரைச் சேர்த்து, அவர்களுள் ஒரு பிரிவினருக்கு நாளும் 43 கிராம் வாதுமை பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். 2023-இல் முடிவு வெளியாயிற்று. வாதுமை உண்டவர்களின் உடல் இன்சுலினை முன்னிலும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. இரத்தக் கொலஸ்ட்ராலும் குறைந்தது. அதே நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நீரிழிவு உள்ள முந்நூறு பேருள் ஒரு பிரிவினர் நாளும் 30 கிராம் உப்பிடாத முந்திரி உண்டார்கள். எடை கூடவில்லை, மேல் இரத்த அழுத்தம் சற்று இறங்கியது, நல்ல கொலஸ்ட்ரால் சற்று ஏறியது. நீரிழிவுக்காரர் முந்திரியைத் தொடவே கூடாது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இது வியப்பாயிருந்தது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. வாதுமை ஆய்வுக்குப் பணம் தந்தது கலிபோர்னியா வாதுமை வாரியம். முந்திரி ஆய்வுக்கு முந்திரி ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம். விற்பவர் தரும் பணத்தில் நடந்ததால் ஆய்வு பொய்யாகிவிடாது. முறையாகத் திட்டமிட்டு நடத்தியவையே இவை. ஆனால் கிலோ முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்காத வாதுமையை நம் குடும்பங்கள் வாங்கவேண்டும் என்று நாம் சொல்லப்போவதில்லை. யாக்கோபு பஞ்ச காலத்தில் எகிப்தின் ஆளுநருக்குக் காணிக்கையாக அனுப்பிய பொருள்களுள் வாதுமையும் ஒன்று என ஆதியாகமம் கூறும். அன்று முதலே அது மேன்மக்கள் பொருள். நமக்கு மல்லாட்டை இருக்கிறது.

எவ்வளவு? உடைத்த பருப்பு ஒரு பிடி. ஏறக்குறைய முப்பது கிராம். கலோரி 170 இருக்கும். அதைப் பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் பதிலாகக் கொள்ளவேண்டும், அவற்றோடு சேர்த்தன்று. வேகவைத்ததோ மணலில் வறுத்ததோ நல்லது. எண்ணெயில் பொரித்து மாவும் காரமும் பூசியது வேறு பண்டம். உப்பு மிகுந்தது பசியை அடக்காது, இன்னொரு பிடியைக் கேட்கும். வெல்லப் பாகில் தோய்ந்த கடலை மிட்டாயும் பருமனுள்ளோர்க்கு ஆகாது. ஓடித் திரியும் பிள்ளைகள் தின்னட்டும். மேல்தோலைக் கழித்தெறிய வேண்டியதில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பவர்களிடம் பிடிக்கணக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதை நம் பங்கு இல்லத்திலேயே கண்டறிந்தோம்.

எச்சரிக்கைகளும் உண்டு. ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த மணிலாவில் 'அஃப்ளடாக்சின்' என்னும் நஞ்சு உண்டாகும், கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்திரளாக மடிந்தபோது, அவற்றுக்கு இட்ட மணிலாப் பிண்ணாக்கில்தான் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வறுத்தாலும் அந்நஞ்சு முற்றும் நீங்காது. ஆகையால் சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும், காசு போகிறதே என்று பாராமல், எறிந்துவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பு கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். மணிலா ஒவ்வாத உடல்வாகு உள்ளவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒரு பருப்பும் ஆபத்து. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

இவற்றையெல்லாம் ஆடி பிறந்த பின் அத்தாயின் வீட்டுக்குச் சென்று விளக்கினோம். அதற்குள் விதை நிலத்துக்குப் போய்விட்டது. மீதியிருந்த சிறிது பருப்பை ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். காலை இட்டலியை மூன்றாக்கி, மல்லாட்டைச் சட்னி; பதினொரு மணிக்கு ஒரு பிடி வறுத்த பருப்பு, சர்க்கரையில்லாத தேநீர். மருத்துவர் சொன்ன நடையும் மாத்திரையும் மாறாமல் தொடரவேண்டும் என்றும் சொல்லி வந்தோம்.

ஐப்பசியில் அறுவடையானதும், ஆய்ந்த பச்சைக்காயை அவித்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது என்றார். அது பெரிய குறைவன்று என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறதாம். ஆனால் பதினொரு மணிக்கு வரும் அந்தப் பசி முன்போல் ஆளை உலுக்குவதில்லை. ஒரு மணிச் சோறுவரை தாங்க முடிகிறது. "எனக்கு அடக்கம் வந்துவிட்டது சாமி" என்றார். அடக்கம் எப்போதும் உங்களிடம் இருந்தது, குடல்தான் சொல் கேட்கவில்லை என்றோம். பிறகு, நெடுநாளாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டோம்: அந்தத் தவக்கால மறையுரை நினைவிருக்கிறதா?

"இருக்கிறது சாமி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்" என்றார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதற்றத்தோடு, "ஐயோ, சாமி வாயால் அப்படிச் சொல்லலாமா" என்று தூக்கைத் திறந்து, காய் ஆறுவதற்குள் தின்னுங்கள் என்று நம்முன் வைத்தார்.